நாற்பத்தெட்டுக் கிலோவும் ஒரு கரண்டி அக்காரவடிசிலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மத்தியானம். காஞ்சிபுரத்தில் புரட்டாசி வெயில் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், எங்கள் ஊர்க் கோயில்களில் ஏதாவது ஒன்றின் வெளிப்பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றிப் பார்க்கலாம். பாதி சுற்றுக்குள் தெரிந்துவிடும்.

அந்த வெயிலில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு பெண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். முழுக்கை ஸ்வெட்டர். அதற்கு மேல், நான் காசிக்குப் போனபோது வாங்கிய கம்பளி. தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது... அவள் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். பட்டுப் புடவை ஏஜென்ட். எங்கள் வீட்டில் நடப்பதை எங்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிற மனிதர்.

"இன்னா சார், பாப்பாவுக்குக் குளிர் ஜொரமா? மலேரியா கிலேரியா இருக்கப் போவுது. இட்டுக்கினு போயி ஒரு ஊசி போட்டுடுங்க."

ஜுரமெல்லாம் இல்லை, உடம்பு இளைக்கிறாள் என்றேன். அவர் அவளை ஒருதரம் பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"அதுவே இத்தினிக்கூண்டு இருக்குது. இன்னும் இன்னாத்த எளைக்கிறது?"

நியாயமான கேள்விதான். அந்த இத்தினிக்கூண்டுப் பெண் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு எப்படி வந்து சேர்ந்தாள்? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி இருக்கிறது. பெயர் வேண்டாம். விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஸ்காலர்ஷிப் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள். ஃபீஸ் இல்லை, ஹாஸ்டல் இலவசம், சாப்பாடு இலவசம், ஷூவிலிருந்து பனியன் வரை எல்லாம் கல்லூரிச் செலவு. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வருஷமும் பல்கலைக்கழக அணியில் இடம் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லையா? ஸ்காலர்ஷிப் போச்சு. அது போனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கல்லூரியும் போச்சு.

கல்லூரி முதல்வர் நல்ல மனிதர். எங்கேயோ வெளிநாட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அங்கெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளைச் சும்மா 'ஓடு, குதி' என்று விட்டுவிடுவதில்லையாம். பின்னால் ஒரு பட்டாளமே நின்று தாங்குகிறதாம். உடனே இங்கேயும் ஒரு கமிட்டி போட்டார். ரிடையர்டு டாக்டர் ஒருவர். வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட். மனசுக்கு ஒரு கௌன்சலர். அரியர்ஸ் வைக்காமல் பார்த்துக்கொள்ள ஓர் இங்கிலீஷ் லெக்சரர். கடைசியாக ஒரு புதுமை — ஒவ்வொரு ஹாஸ்டல் பிள்ளைக்கும் ஊருக்குள் ஒரு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம், மனசு விட்டுப் பேசலாம்.

பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவன் என்பதால் முதல்வர் என்னையும் கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தேன். என் மனைவி வைதேகி யோசிக்கவில்லை. மகன் வேலைக்காகப் புனேவுக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டுக் குக்கர் இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி வைப்பது என்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தது. "வரட்டும்" என்றாள்.

வந்தவள்தான் மெர்சி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பளு தூக்குகிறாள். நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவு. அதாவது அவள் தூக்குகிற எடை அல்ல, அவளுடைய எடை அதற்கு மேல் போகக் கூடாது. போனால் அடுத்த பிரிவு ஐம்பத்து மூன்று. அங்கே ஏற்கெனவே அவர்கள் கல்லூரியிலேயே ஒரு பெண் இருக்கிறாள், இவளைவிட எவ்வளவோ அதிகம் தூக்குகிறவள். அந்தப் பிரிவுக்குத் தள்ளப்பட்டால் மெர்சிக்கு அணியில் இடம் கிடையாது. இடம் இல்லையென்றால்... மேலே சொன்னதுதான்.

அவள் ஊர் வாராவாரம் போய்வர முடியாத தூரம். அப்பா அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறார். சர்ச் பக்கத்துக் காலனியில் வீடு. அவள் தாத்தா காலம் வரை இன்னொருவர் நிலத்தில் கூலி வேலை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தது இவள்தான் முதல். இதெல்லாம் முதல் ஞாயிற்றுக்கிழமையே அவளாகச் சொன்னவை. நாங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நாங்கள் கேட்கமாட்டோம் என்று தெரிந்துதான் அவளே சொல்லிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீடு சின்னக் காஞ்சிபுரத்தில், சன்னதித் தெருவுக்கு ரொம்பத் தள்ளி இல்லை. எந்த மாதிரித் தெரு, எந்த மாதிரி வீடு என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சமையலைத் தளிகை என்றும் ரசத்தைச் சாத்தமுது என்றும் சொல்கிற வீடு. வெங்காயத்துக்கே சில நாட்கள் லீவு உண்டு.

அந்த முதல் ஞாயிறு வைதேகி காலையிலேயே வாழை இலை வாங்கிவரச் சொன்னாள். எதற்கு, பண்டிகையா என்றேன். இல்லை, மூன்று பேருக்கும் இலையே போட்டுவிடலாம் என்றாள். எனக்குப் புரிந்தது. தட்டு என்றால் எந்தத் தட்டு, சாப்பிட்டபின் யார் கழுவுவது, எங்கே கவிழ்ப்பது என்று ஆயிரம் கேள்வி. இலை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். அது மரியாதையா, தப்பித்துக்கொள்வதா? நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

கூடத்தின் நடுவில் மூன்று இலை. வைதேகி பரிமாற ஆரம்பித்தாள்.

நான் அவள் கைச் சாப்பாட்டில் வாழ்கிறவன். இருந்தாலும் அப்படி ஒரு பரிமாறலை நான் பார்த்ததில்லை. மெர்சி இலையில் சாதம் பாதி குறைவதற்குள் அடுத்த கரண்டி விழுந்தது. பருப்பு, நெய், கறியமுது என்கிற பொரியல், அப்பளம், வடை. மெர்சி மெல்லிய குரலில் போதும் என்றாள். "வளர்ற பொண்ணு, என்ன போதும்?" என்று இன்னொரு கரண்டி. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் இல்லை. வைதேகிக்குப் பரம சந்தோஷம். குழந்தை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறது பார்த்தேளா என்று சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பண்டிகைதான். எங்கள் வீடுகளில் மார்கழியில் செய்கிற அக்காரவடிசிலை வைதேகி ஆவணியிலேயே ஆரம்பித்தாள். பாலிலேயே குழைய வெந்த அரிசி, வெல்லம், முழங்கையில் வழிகிற அளவுக்கு நெய். போகும்போது கையில் ஒரு டின் முறுக்கு, ஒரு பாட்டில் பருப்புப்பொடி, அதற்குத் தனியாக நெய். ஹாஸ்டலில் என்ன போடுகிறார்களோ பாவம் என்பாள். ஆடிப்பூரத்துக்குக் கண்ணாடி வளையல் வேறு வாங்கிக் கொடுத்தாள்.

மெர்சியும் நன்றாகப் பழகிவிட்டாள். டிவி ஆன்டெனாவை மாடியேறித் திருப்பினாள். கல்லூரிக் கதைகள் சொன்னாள். வருகிற வழியில் வாராவாரம் பஸ் ஸ்டாண்டில் காசு போட்டு எடை பார்ப்பாளாம். அந்த மெஷினில், எடைக்குப் பின்னால் ஜோசியம் அச்சடித்த அட்டை வருமே, அதில் 'பிறர் அன்பு உங்களைத் தேடி வரும்' என்று இருந்ததாம். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ் ஏறப் போகிற பெண் எதற்கு வாராவாரம் எடை பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

புரட்டாசி பிறந்ததும் கல்லூரியிலிருந்து அழைப்பு. கமிட்டிக் கூட்டம், வந்து போகவும். போனேன். மெர்சியைப் பற்றித்தான். அவள் அங்கே இல்லை, அவளைப் பற்றிப் பேச அவள் எதற்கு?

கோச் ஏழுமலை எழுந்து நின்று பேசினார். ஒரு காலத்தில் அவரும் பளு தூக்கியவர். இன்னமும் நாற்காலி அவருக்குச் சின்னதுதான். மெர்சியின் எடை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது ஒன்றரைக் கிலோ அதிகம். ஹாஸ்டல் மெஸ்ஸில் அளந்துதான் சாப்பிடுகிறாள், நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அப்படியும் ஏறுகிறது. வெளியே ரகசியமாக எங்கேயோ பஜ்ஜி தின்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். ஐப்பசியில் தேர்வு. இப்படியே போனால் ஆள் அவுட்.

ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொன்னார்கள். டாக்டர், தைராய்டாக இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். கௌன்சலர், இது மன அழுத்தம், கவலையில் இருக்கிறவர்கள்தான் தெரியாமல் சாப்பிடுவார்கள் என்றார். பிசியோதெரபிஸ்ட், கொழுப்பாக இருக்காது, தசை வளர்கிறது, நல்லதுதான் என்றார். இங்கிலீஷ் லெக்சரர் மட்டும், அவள் கட்டுரையெல்லாம் நன்றாக எழுதுகிறாள், என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

இதில் கவனித்தீர்களா? யார் கையில் எந்தச் சாமான் இருக்கிறதோ, நோயும் அதற்குத் தகுந்த மாதிரியே இருந்தது. நானும் என் பங்குக்குத் தலையாட்டினேன். என் கையில் இருந்த சாமான் கரண்டி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் கலையும்போது கோச் அலுத்துக்கொண்டே சொன்னார் — வாரம் பூரா இறங்குது சார், திங்கட்கிழமை காலைல எடை மெஷின்ல நின்னா மட்டும் மறுபடி ஏறிடுது.

திங்கட்கிழமை காலை.

ஸ்கூட்டரில் வீடு வரும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள்தான். வைதேகியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டிலா ஒன்றரைக் கிலோ ஏறும்? அப்புறம் அந்த முறுக்கு டின், பருப்புப்பொடி, நெய் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தினேன். அவள் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தைராய்டு என்று டாக்டரே சொன்னாரே, பாவம், உடம்பு சரியில்லாத குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் போஷாக்காகத்தான் கொடுக்க வேண்டும் என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிறு. மெர்சி வந்தாள். இலை விழுந்தது. அக்காரவடிசில், இந்த முறை முந்திரி தூக்கலாக. அவள் எப்போதும் போல ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். இலையை எடுத்தாள். கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, பழைய கம்பளி ஏதாவது இருக்குமா சார் என்று கேட்டாள்.

இதோ, மாடிப்படிக்கு வந்துவிட்டோம்.

கன்னியப்பன் போட்ட சத்தத்தில் வைதேகி பின்கட்டிலிருந்து வெளியே வந்தாள். கம்பளிக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மெர்சியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் நேரே போய்க் கம்பளியை உருவினாள். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னாள். ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மெர்சி வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. தண்ணீருக்கும் எடை உண்டே.

"ஏண்டிம்மா, போதும்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்றாள் வைதேகி.

"சொன்னேன்மா. நீங்க வெச்சிக்கினே இருந்தீங்க."

மெர்சி கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கெட்டியா சொல்லியிருக்கலாம்தான். எங்கம்மா இஸ்கூல்ல சத்துணவு ஆக்குதுல்ல... அது வேலைக்கு வந்த புதுசுல பாதிப் பசங்க தட்ட எடுத்துக்கினு திரும்பிப் போய்டுவாங்களாம். அந்தம்மா கையில சாப்பிடாதன்னு வூட்ல சொல்லி அனுப்பியிருப்பாங்க. நான் இங்க வர்றப்ப எங்கம்மா சொல்லுச்சி — சோத்த வேணாம்னு சொன்னா ஆக்குனவங்களுக்கு எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும், நீ யாரு வூட்லயும் அப்டிச் சொல்லிடாதன்னு. அதாம்மா."

வைதேகி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் அதே படியில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் கரண்டியை நிறுத்தினா, இந்த ஆத்துல நமக்குப் போட மனசு வரலைன்னு நீ நினைச்சுப்பியோன்னு பயம். அந்தப் பயத்துலயே போட்டுண்டிருந்தேன்."

நான் இந்த மாதிரிச் சமயங்களில் சட்டென்று பேப்பரை எடுத்து விரித்துக்கொள்கிற ஆள். அன்றைக்குப் பேப்பர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. இரண்டு பேரும் எவ்வளவு நல்லவர்கள்! ஒருத்தி மனசு நோகக் கூடாதென்று இன்னொருத்தி மூன்று மாதமாகப் போட்டிருக்கிறாள். இவள் மனசு நோகக் கூடாதென்று அவள் மூன்று மாதமாக விழுங்கியிருக்கிறாள். நடுவில் போகவிருந்தது அந்தப் பெண்ணின் படிப்பு. அதற்கு முந்தைய எத்தனையோ தலைமுறைக் கணக்கெல்லாம் அந்த இலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு எந்த டாக்டர் எந்த ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது?

முறுக்கை என்ன செய்தாய் என்று கேட்டேன். பாதியை ரூமில் இருந்தவர்களுக்குக் கொடுத்தாளாம். மீதியைத் தானே தின்றாளாம். எனக்கென்று செய்து கொடுத்ததை முழுவதும் தானம் பண்ணினால் தப்பில்லையா சார் என்றாள்.

திங்கட்கிழமை நானே போய்க் கோச்சிடம் சொன்னேன். ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இந்தப் பொண்ண பஜ்ஜிக் கடைங்கள்ள தேடிக்கினு இருந்தேன் சார். கோயிலாண்ட தேடியிருக்கணும்."

கம்பளி கதையைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. அந்த மாதிரி வேலையெல்லாம் இனிமேல் கூடவே கூடாது, மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கத்தினார். காரணம் தெரிந்தால் போதும், இன்னும் நாள் இருக்கிறது, சாப்பாட்டிலேயே நிதானமாக இறக்கிவிடலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வராமல் இருந்துவிடட்டுமா என்றும் கேட்டார். அதுதான் சுலபம்.

வைதேகியிடம் கேட்டேன். அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள் — வருவாள். வரவேண்டும். இப்போது நிறுத்தினால் அதற்கு வேறே அர்த்தம். கோச் என்ன சொல்கிறாரோ அதையே போடுகிறேன்.

கோச் என்ன சொன்னார் தெரியுமா? வேகவைத்த காய், கொஞ்சம் சாதம், மோர். அதுவரை சரி. அதோடு முட்டை. மஞ்சள் கரு வேண்டாம், வெள்ளை மட்டும்.

எங்கள் வீட்டில் முட்டை!

வைதேகி அடுக்களைக்கும் கூடத்துக்குமாக இரண்டு தரம் நடந்தாள். கடைசியில் சொன்னாள்: அடுக்களையில் முடியாது. ஆனால் குழந்தைக்கு வேண்டும். ஆகவே ஸ்ரீமான் நீங்கள் மாடியில் வைத்து வேகவைத்துவிடுங்கள்.

இப்படியாக, என் ஐம்பத்து நாலாவது வயதில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில், ஓர் எலெக்ட்ரிக் கெட்டிலோடு நான் முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் முட்டை வெடித்தது. இரண்டாவது வேகவில்லை. மூன்றாவது பரவாயில்லை. புரட்சி என்றெல்லாம் யாரும் எழுதிவிட வேண்டாம். மாடியில் ஒரு கெட்டில், அவ்வளவுதான். கீழே கொண்டுவர இன்னும் எத்தனை வருஷமோ, நான் ஜோசியம் சொல்லமாட்டேன்.

இதில் அதிகம் அடிபட்டவர் கன்னியப்பன்தான். புரட்டாசி மாசம் முழுக்கக் கவிச்சியைத் தொடாமல் விரதம் இருக்கிறவர். அந்த வாசனை அவர் மாடிக்குப் போயிருக்கிறது. இன்னா சார் இது, புரட்டாசியும் அதுவுமா உங்க வூட்லயா என்று நிஜமாகவே கலங்கிப் போய்க் கேட்டார். மெர்சிக்கு மருந்து என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மருந்துன்னா தோஷம் இல்ல என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, துணி காயப்போட வந்ததையும் மறந்து இறங்கிப் போய்விட்டார்.

நான்கு ஞாயிறு இப்படியே. வைதேகி தராசு மாதிரி பரிமாறினாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நிற்பாள்.

தேர்வு நாள். ஐப்பசி மழை. சென்னையில் ஓர் உள்விளையாட்டு அரங்கம். நாங்களும் போனோம். கோச் வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போட்டிக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். பெண் அதிகாரிகள், மூடிய அறை. நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். வைதேகி மடியில் ஒரு டிபன் பாக்ஸ். எடை பார்த்து முடிந்தபின் சாப்பிட தயிர்சாதம், கோச் அனுமதியோடு.

மெர்சி உள்ளே போனாள். உடனே வெளியே வந்துவிட்டாள். முகம் சரியில்லை. முள் கோட்டுக்கு ஒரு மயிரிழை அந்தப் பக்கம் நிற்கிறதாம். கொடுத்திருக்கிற நேரம் முடிவதற்குள் இன்னொரு தரம் பார்க்கலாம். அவ்வளவுதான் சந்தர்ப்பம்.

கோச் தாழ்வாரத்தில் அப்படியும் இப்படியுமாக நடந்தார். மெர்சி தலையிலிருந்த கிளிப்புகளைக் கழற்றினாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். அப்புறம் ஒரு கணம் தயங்கினாள். கையில் வைதேகி கொடுத்த கண்ணாடி வளையல்கள். ராசி என்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். வைதேகி தானே அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். போய்ட்டு வா என்றாள்.

இந்த முறை உள்ளேயிருந்து அவள் பெயரும் எடையும் சத்தமாகக் கேட்டன. நாற்பத்தெட்டுக்குள். கோச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

போட்டியைப் பற்றி விவரமாக எழுத எனக்குத் தகுதி இல்லை. அவள் மேடையேறியபோதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இரும்பு விழுகிற சத்தத்தை வைத்து இரண்டு தடவை தவறியது என்று தெரிந்துகொண்டேன். மூன்றாவது தடவை சத்தம் வர ரொம்ப நேரமாயிற்று. கண்ணைத் திறந்தால் கோச் அழுதுகொண்டிருந்தார். அணியில் இடம். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கல்லூரி.

வைதேகி கண்ணை மூடவில்லை, எல்லாவற்றையும் பார்த்தாள். திரும்பி வருகையில் பஸ்ஸில் பூந்தமல்லி தாண்டிய பிறகு சொன்னாள்:

"அத்தனையையும் தலைக்கு மேல தூக்கிண்டு நிக்கறச்சே அவ மூஞ்சியில பயமே இல்லை. நம்மாத்துல உட்கார்ந்து சாப்பிடறச்சேதான் பயந்திருக்கா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கமிட்டி மறுபடி கூடியது. எல்லாரும் எல்லாரையும் பாராட்டிக்கொண்டார்கள். டாக்டருக்கு நன்றி, கௌன்சலருக்கு நன்றி, உள்ளூர்க் குடும்பத்துக்கு விசேஷ நன்றி. நான் ஒரே ஒரு யோசனை சொன்னேன். விளையாடுகிற பிள்ளைகளுக்கு எடைப் பிரிவு இருக்கிற மாதிரி, உதவி செய்கிற எங்களுக்கும் ஒன்று வைத்தால் நல்லது, அளவுக்கு மேல் போனால் வெளியே நிறுத்திவிடலாம். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அடுத்த கூட்டத்துக்கு மெர்சியையும் கூப்பிடலாமா என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

போன ஞாயிறு மெர்சி வந்தாள். தேர்வு முடிந்துவிட்டது, தீபாவளி வேறு நெருங்குகிறது, ஒரு நாள் பரவாயில்லை என்று கோச்சே விட்டுவிட்டார். வைதேகி அக்காரவடிசில் செய்திருந்தாள். இலை வாங்கிவர மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. மூன்று எவர்சில்வர் தட்டு, எங்கள் தினசரித் தட்டுகளே. சாப்பிட்டபின் மூன்றும் ஒரே தொட்டியில் கிடந்தன. இதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் கரண்டி விழுந்தது. மெர்சி ரசித்துச் சாப்பிட்டாள். இரண்டாவது கரண்டி நெய் சொட்டச் சொட்டப் பாத்திரத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தது. மெர்சி தட்டின் மேல் கையை வைத்தாள்.

"போதும்மா."

குரலில் தயக்கம் இல்லை. பயமும் இல்லை. கரண்டி அந்தரத்தில் அப்படியே நின்றது. வைதேகி அவளைப் பார்த்தாள். அவள் வைதேகியைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லை ஒருவர் சொல்லி இன்னொருவர் நம்பியது அதுதான் முதல் தடவை.

கல்யாணமான நாளிலிருந்து நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்... அந்தரத்தில் நின்ற கரண்டி, நேரே என் தட்டுக்கு வந்தது.